பேர்ல் ஹார்பர்: கப்பல்கள் மூழ்கின, பழுதுபார்க்கும் தளம் மட்டும் எப்படிப் பிழைத்தது?

அலைவாய் | 7 டிசம்பர் 2024, இரவு 8:12

வருஷா வருஷம் இந்தத் தேதி வந்தால் அரிசோனா பேட்டில்ஷிப் (பெரிய போர்க்கப்பல்) எரியும் அதே படம்தான் சுற்றுகிறது. என் கேள்வி வேறு. 1941 டிசம்பர் 7 காலையில் 350 ஜப்பானிய விமானங்கள் ஹவாயின் இந்த அமெரிக்கக் கடற்படைத் தளத்தை இரண்டு மணி நேரம் அடித்தன. கப்பல்கள் நின்ற இடத்துக்கு எதிர்க்கரையில்தான் ட்ரை டாக் (தண்ணீரை இறைத்துக் கப்பலின் அடியைப் பழுதுபார்க்கும் தொட்டி), பட்டறைகள், கிரேன்கள், மின்நிலையம், நீர்மூழ்கித் தளம். சற்றுத் தள்ளி 45 லட்சம் பீப்பாய் எண்ணெய். இதில் எதையும் தொடவில்லை. ஆறே மாதத்தில் அதே டாக்கில் யார்க்டவுன் விமானம் தாங்கியை ஒட்டுப்போட்டு மிட்வே சண்டைக்கு அனுப்பிவிட்டார்கள். ஜப்பானிய விமானம் தாங்கிப் படையின் தலைவர் நகுமோ மூன்றாவது அலையை அனுப்பாமல் திரும்பியது வடிகட்டிய முட்டாள்தனம். இது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

கீல்பிளாக் | 7 டிசம்பர் 2024, இரவு 9:40

"எதையும் தொடவில்லை" என்பதிலேயே நிற்கிறேன். அன்று டாக் பகுதியில் நடந்தது இது.

1ஆம் ட்ரை டாக்: உள்ளே பென்சில்வேனியா பேட்டில்ஷிப். அவளுடைய நான்கு புரொப்பல்லர் தண்டுகளில் மூன்று கழற்றிக் கிடந்தன. முன்னால் கேசின், டவுன்ஸ் என்ற இரண்டு நாசகாரிகள் பக்கம்பக்கமாகக் கீல் பிளாக் (கப்பலின் அடியைத் தாங்கும் கட்டைகள்) மேல் நின்றன. பென்சில்வேனியா மேல் ஒரு 250 கிலோ குண்டு விழுந்தது. கேசினைத் துளைத்துப் போன குண்டு டாக் தரையில் வெடித்து எண்ணெய்த் தொட்டிகளைக் கிழித்தது. தீயை அணைக்க டாக்குக்குள் தண்ணீர் விட்டார்கள். எரியும் எண்ணெய் தண்ணீர் மேல் மிதந்து ஏறியது. கேசின் பிளாக்கிலிருந்து நழுவி டவுன்ஸ் மேல் சாய்ந்தது. டவுன்ஸின் டார்பிடோக்கள் வெடித்து, அரை டன்னுக்கு நெருக்கமான குழாய்த் துண்டு ஒன்று பென்சில்வேனியாவின் முன்தளத்தில் வந்து விழுந்தது.

மிதக்கும் டாக் ஒய்எஃப்டி-2: உள்ளே நாசகாரி ஷா. கப்பலுக்கு மூன்று குண்டு, டாக்குக்கு ஐந்து. ஷாவின் முன்பக்க வெடிமருந்து அறை வெடித்தது. உலகமே பார்த்த அந்தத் தீப்பந்துப் படம் அதுதான். டாக்கின் உடலில் நூற்றைம்பதுக்கு மேல் சில்லு ஓட்டைகள். டாக் மூழ்கியது.

1010 டாக் என்ற நீளத் துறைமேடை (1,010 அடி என்பதால் அந்தப் பெயர்): அங்கே வழக்கமாக நிற்பது பென்சில்வேனியா. அன்று நின்றது ஹெலெனா க்ரூசர், அதற்கு வெளிப்பக்கம் கண்ணிவெடி போடும் கப்பல் ஓக்லாலா. டார்பிடோ ஓக்லாலாவின் அடியில் புகுந்து ஹெலெனாவில் வெடித்தது. அதிர்ச்சியில் ஓக்லாலாவின் தகட்டு இணைப்புகள் விட்டு, துறைமேடை ஓரத்திலேயே கவிழ்ந்தது.

டாக்குகள் அடி வாங்கின. அடி அத்தனையும் உள்ளே நின்ற கப்பலைக் குறிவைத்து வந்தது. கட்டடத்தைக் குறிவைத்து வந்த குண்டு இல்லை. அடி வாங்கிய 1ஆம் டாக்கிலிருந்து டிசம்பர் 12இல் பென்சில்வேனியா மிதந்து வெளியே வந்தது. டாக் தன் வேலையைத் தொடர்ந்தது.

பழைய_போல்ட் | 7 டிசம்பர் 2024, இரவு 10:05

நாசகாரிகள் இரண்டையும் அப்புறம் பழைய இரும்புக்குப் போட்டார்களா?

கீல்பிளாக் | 7 டிசம்பர் 2024, இரவு 10:31

உடல் போயிற்று, எந்திரம் போகவில்லை. டர்பைன், கியர் என்று தேறியதையெல்லாம் கழற்றி அமெரிக்கக் கரையில் மேர் ஐலண்ட் தளத்துக்கு அனுப்பி, அங்கே புது உடல் கட்டி அதில் பூட்டி, அதே பெயரையே வைத்தார்கள். இதெல்லாம் நடக்கக் கழற்றும் ஆளும் தூக்கும் கிரேனும் பேர்ல் ஹார்பரில் மிச்சம் இருக்க வேண்டும். இருந்தது.

கீல்பிளாக் | 8 டிசம்பர் 2024, காலை 6:50

இப்போது அவர்கள் தூக்கி வந்த சரக்கு. விமான எண்ணிக்கையைச் சொல்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

முதல் அலை 183. அதில் 40 விமானங்களில் டார்பிடோ, ஒவ்வொன்றின் தலையிலும் சுமார் 205 கிலோ வெடிமருந்து. துறைமுக ஆழம் 12 மீட்டர்தான் என்பதால், போட்டதும் சேற்றில் குத்தாமலிருக்க மரத் துடுப்பு பொருத்திய டார்பிடோ. கடலில் மிதப்பதை அடிக்க மட்டுமே உதவும்.

இன்னொரு 49 விமானங்களில் தலைக்கு ஒரு 800 கிலோ குண்டு. கேட்கப் பயங்கரம். உள்ளே பார்த்தால் அது 41 செ.மீ. பீரங்கிக் குண்டைக் கடைந்து வால் வைத்தது. பேட்டில்ஷிப்பின் கவசத் தளத்தைத் துளைப்பதற்காகச் சுவர் முழுக்க எஃகு. வெடிமருந்து சுமார் 22 கிலோ. 49 குண்டையும் சேர்த்தால் ஒரு டன்னைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். அரிசோனாவில் நடந்தது 22 கிலோவின் வேலை இல்லை, அந்தக் கப்பலின் சொந்த வெடிமருந்து அறை செய்த வேலை. இதே குண்டை ஒரு லேத் பட்டறை மேல் போட்டால் தகரக் கூரையையும் தரையையும் துளைத்து மண்ணுக்குள் போய் வெடிக்கும். பட்டறைக்கு நடுவே ஒரு குழி. மறுநாள் ஜல்லி கொட்டி மூடிவிடலாம்.

இரண்டாவது அலை 167. இதில் 78 டைவ் பாம்பர்கள் (செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போடுபவை), தலைக்கு ஒரு 250 கிலோ குண்டு, வெடிமருந்து 60 கிலோ. இவை கப்பல்களுக்கு. கிடைமட்டமாகப் பறந்து போடும் 54 விமானங்கள் 250 கிலோவும் 60 கிலோவுமான தரைக் குண்டுகளுடன் விமானத் தளங்களுக்குப் போயின. பட்டறைக்குச் சரியான சரக்கு இதுதான். அது ஹிக்கம், ஃபோர்ட் தீவு, கனோஹே ஓடுதளங்களிலும் கொட்டகைகளிலும் செலவாயிற்று. அது வீண் செலவும் அல்ல. தரையில் நின்ற விமானங்களை அழிக்காவிட்டால் திரும்பும் வழியில் அமெரிக்கர்கள் தொடர்ந்து வந்து கப்பல்களைத் தேடிப் பிடித்திருப்பார்கள்.

அலைவாய் | 8 டிசம்பர் 2024, காலை 9:15

சரி, சரக்கு கப்பலுக்கானது. ஆனால் சரக்கைத் தேர்ந்தெடுத்தவனே அவன்தானே? ஏன் அப்படித் தேர்ந்தெடுத்தான் என்பதுதான் கேள்வி. முட்டாள்தனத்தை மூன்றாவது அலையிலிருந்து இரண்டு மாதம் முன்னால் தள்ளியிருக்கிறீர்கள், அவ்வளவுதான் அண்ணே.

கீல்பிளாக் | 8 டிசம்பர் 2024, மாலை 5:22

நியாயமான அடி.

ஜப்பானியக் கப்பற்படைத் தலைவர் யமமோட்டோ கேட்டது கால அவகாசம். பிலிப்பைன்ஸ், மலாயா, டச்சு இந்தியத் தீவுகளின் எண்ணெய் கைக்கு வரும்வரை அமெரிக்கக் கப்பற்படை குறுக்கே வரக் கூடாது. அந்தக் கணக்குக்குப் பேட்டில்ஷிப்பையும் விமானம் தாங்கியையும் அடித்தால் போதும். பட்டறையை அடிப்பதன் பலன் ஆறு மாதம், ஒரு வருஷம் கழித்துத்தான் தெரியும். அதற்குள் சண்டை பேச்சுவார்த்தையில் முடிந்துவிடும் என்று நம்பியவர்கள் அதற்குக் குண்டு ஒதுக்கமாட்டார்கள்.

1941 செப்டம்பர் 24 அன்று டோக்கியோவிலிருந்து ஹொனலுலுவின் ஜப்பானியத் துணைத் தூதரகத்துக்குப் போன செய்தியைப் பாருங்கள். துறைமுகத்தை ஐந்து பகுதியாகப் பிரித்து, எந்தப் பகுதியில் எந்தக் கப்பல் நிற்கிறது, துறைமேடையில் கட்டியிருப்பது எது, மிதவையில் நிற்பது எது, டாக்கில் இருப்பது எது என்று கேட்டார்கள். டாக்கின் கதவு எவ்வளவு தடிமன், பம்ப் எங்கே, மின்சாரம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. அவர்கள் கண்ணுக்கு டாக் என்பது கப்பல் நிற்கும் இன்னொரு இடம்.

குறும் போருக்குத் திட்டம் போட்டவன் பட்டறையை விட்டது அவன் திட்டத்துக்குள் முட்டாள்தனம் இல்லை. போர் குறுகியதாக இருக்கும் என்று நினைத்ததுதான் முட்டாள்தனம். அது நகுமோவின் தலையில் கட்டக் கூடியது அல்ல.

பழைய_போல்ட் | 8 டிசம்பர் 2024, மாலை 6:03

நகுமோ பாவம். எண்பது வருஷமாக நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவரை மூன்றாவது அலை அனுப்பச் சொல்கிறோம்.

திருமலையான் | 8 டிசம்பர் 2024, இரவு 7:48

ஒரு ட்ரை டாக்கை அழிக்க வேண்டும் என்றே வந்தால் எவ்வளவு வேணும்? அதைச் சொல்லுங்கோ. மற்றதெல்லாம் பிறகு.

கீல்பிளாக் | 8 டிசம்பர் 2024, இரவு 11:10

டாக்கைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

தொட்டி: பல மீட்டர் தடிமனான கான்கிரீட். பின்னாலும் கீழும் மண். 250 கிலோ குண்டு தரையில் பள்ளம் போடும், பிளாக்குகளைச் சிதறடிக்கும். பிளாக் என்பது மரமும் கான்கிரீட்டும்; புதிதாக அடுக்க நாள்கணக்குதான். தரை முழுக்க விரிசல் விட்டால்தான் சிக்கல், ஏனென்றால் டாக்கின் நிஜ எதிரி மேலிருந்து வருவதில்லை. டாக்கைக் காலி செய்ததும் நிலத்தடி நீர் தரையைக் கீழிருந்து மேலே தள்ளும். இதே 1ஆம் டாக் 1913இல், கட்டிக்கொண்டிருக்கும்போதே, அந்த அழுத்தத்தில் பிய்த்துக்கொண்டு போனது. வேலை தொடங்கியது 1909, திறந்தது 1919. அந்தப் பாடத்தால் 2ஆம் டாக்கின் தரையைத் தண்ணீருக்கு அடியிலேயே குழாய் வழியாகக் கான்கிரீட் இறக்கிப் போட்டார்கள். அந்த வேலை தெரிந்த ஒப்பந்தக்காரர்கள், எந்திரம், சிமென்ட் எல்லாம் டிசம்பர் 7 அன்று அங்கேயே இருந்தன. ஓட்டை விழுந்தால் அடைக்கத் தெரிந்தவர்கள் பக்கத்திலேயே கூடாரம் போட்டிருந்த மாதிரி.

கதவு: கெய்சன். தண்ணீர் நிரப்பினால் அமரும், இறைத்தால் மிதக்கும் எஃகுப் பெட்டி. இதுதான் மெல்லிய இடம். டார்பிடோ விமானங்கள் கெய்சனைக் குறிவைத்ததாகப் பென்சில்வேனியாவின் அறிக்கை சொல்கிறது. டாக் காலியாக இருக்கும்போது கெய்சன் உடைந்தால் கடல் மொத்தமும் ஒரே பாய்ச்சலாக உள்ளே வரும். கப்பல்கள் பிளாக்கிலிருந்து பிய்ந்து சுவரில் மோதும். டாக்கில் பாதி தண்ணீர் விட்டதற்குத் தீ மட்டும் காரணமல்ல, இந்தப் பயமும்தான். உள்ளே தண்ணீர் இருந்தால் பாய்ச்சலின் வேகம் குறையும்.

பம்ப், மின்சாரம்: பம்ப் நிலத்தடியில். மேலே தெரிவது ஒரு சின்னக் கட்டடம். மோட்டார் எரிந்தால் வேறு மோட்டார் வரும்வரை டாக் ஒரு குளம். உள்ளே போய்க் கையால் வெடி வைப்பவனுக்கு இது சுலபம், மேலிருந்து போடுபவனுக்குக் கடினம்.

உதாரணம் இருக்கிறது. 1942 மார்ச் 28, பிரான்சின் சாங் நசேர். ஜெர்மானியரின் டிர்பிட்ஸ் கப்பல் நுழையக்கூடிய ஒரே அட்லாண்டிக் கரை டாக் அது. பிரிட்டிஷார் விமானத்தை நம்பவில்லை. கேம்பல்டவுன் என்ற பழைய நாசகாரியின் முன்பகுதியில் 24 ஆழ்நீர்க் குண்டுகளை வைத்துக் கான்கிரீட்டில் மூடி, நேராகக் கெய்சனில் கொண்டுபோய் மோதினார்கள். கமாண்டோக்கள் இறங்கிப் பம்ப் அறையையும் கதவை இழுக்கும் எந்திர அறையையும் தனித்தனியாகத் தகர்த்தார்கள். போர் முடியும்வரை டாக் திறக்கவில்லை.

அந்த 24 குண்டுகளின் வெடிமருந்து மூன்று டன்னுக்கு மேல். பேர்ல் ஹார்பரில் இரண்டாவது அலையின் 78 டைவ் பாம்பர்களும் தூக்கி வந்த மொத்தம் 78 × 60 = 4,680 கிலோ. ஒரே ஒரு கதவுக்கு, அதுவும் கதவைத் தொட்டபடி வைத்துச் செலவான மருந்தின் ஒன்றரை மடங்கு கூட இல்லை. இதைச் சுட்டுக்கொண்டிருக்கும் பீரங்கிகளுக்கு நடுவே, புகைக்கு மேலிருந்து, மூன்று டாக், பத்துப் பதினைந்து பட்டறை, மின்நிலையம் என்று பங்கு வைக்க வேண்டும்.

அலைவாய் | 9 டிசம்பர் 2024, காலை 8:30

மூன்று டாக்கா? கட்டி முடித்தது ஒன்றுதானே?

கீல்பிளாக் | 9 டிசம்பர் 2024, காலை 8:52

முடிந்தது ஒன்று. 2ஆம் டாக் முடியும் தறுவாயில். மூன்றாவது சின்னது, அதுவும் வேலை நடந்துகொண்டிருந்தது. தாக்குதல் நடந்த மூன்றாம் நாள், டிசம்பர் 10, முடியாத 2ஆம் டாக்கிலேயே ஹெலெனாவை ஏற்றிவிட்டார்கள். அடிபட்ட பேட்டில்ஷிப்களில் பிப்ரவரியில் நெவாடா, ஏப்ரலில் கலிஃபோர்னியா என்று வரிசையாக அதே டாக்கில் ஏறின. ஜூனில் வெஸ்ட் வர்ஜீனியா 1ஆம் டாக்கில் ஏறியது.

பழைய_போல்ட் | 9 டிசம்பர் 2024, மதியம் 1:20

பட்டறை விஷயத்தில் ஒன்று சேர்க்கிறேன். லேத்தும் பிரஸ்ஸும் குண்டுக்குச் சாகாது. போருக்குப் பின் அமெரிக்கர்கள் ஜெர்மன் ஆலைகளை ஆராய்ந்தபோது பார்த்ததும் இதுதான். கூரை போய்விடும், சுவர் விழும், இடிபாட்டைத் தள்ளிப் பார்த்தால் அடியில் எந்திரம் உட்கார்ந்திருக்கும். வார்ப்பிரும்பு அடித்தளம் கொண்ட லேத் நேரடியாகக் குண்டு பட்டால் ஒழிய உடையாது. அதைக் கெடுப்பது மூன்று: தீயில் படுக்கை வளைவது, சூட்டில் இருக்கும்போது தண்ணீர் பட்டு விரிசல் விடுவது, கூரையில்லாமல் மழையில் கிடந்து துருப்பிடிப்பது. கடைசி இரண்டையும் செய்வது எதிரி இல்லை, நம் தீயணைப்புக்காரரும் நம் சோம்பேறித்தனமும்தான்.

கீல்பிளாக் | 9 டிசம்பர் 2024, இரவு 9:05

போல்ட் சொன்ன "தீ" என்ற இடத்தில்தான் என் முழு வாதமும் இருக்கிறது. கப்பற்படைப் பட்டறையைக் கொல்வது தீ. குண்டு அதற்குத் தீக்குச்சி.

ஜப்பானியரால் பட்டறையை அழிக்க முடியாது என்று யாராவது முடிவு கட்டுவதற்குள் இதைச் சொல்லிவிடுகிறேன்: மூன்றே நாளில் அழித்துக் காட்டினார்கள். 1941 டிசம்பர் 10, பிலிப்பைன்ஸில் கவீட்டே கடற்படைத் தளம். ஃபார்மோசாவிலிருந்து (இன்றைய தைவான்) வந்த இரட்டை எஞ்சின் விமானங்கள். அங்கிருந்த 3 அங்குலப் பீரங்கிகளுக்கு எட்டாத உயரம். எதிர்க்க விமானம் இல்லை. அவசரமில்லாமல் சுற்றிச் சுற்றி வந்து, கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம், தரைக் குண்டுகளாகப் போட்டார்கள். மின்நிலையம், டார்பிடோப் பட்டறை, கிடங்கு, மருந்தகம் எல்லாம் அடி வாங்கின. தீ கட்டுக்கு மீறி ஒரு கொட்டகையிலிருந்து அடுத்ததற்குத் தாவியது. தளம் முழுவதும் எரிந்தது. சுமார் 500 பேர் செத்தார்கள். 230க்கு மேற்பட்ட டார்பிடோக்கள் போயின. ஆசியக் கப்பற்படையின் நீர்மூழ்கிகளுக்கு அதுதான் பெரிய இடி. சீலயன் நீர்மூழ்கி கட்டிய இடத்திலேயே அடிபட்டது. தளம் இனி உதவாது என்று கைவிட்டார்கள்.

பேர்ல் ஹார்பரோடு வித்தியாசம் என்ன? கவீட்டே ஒடுங்கிய நிலம், கட்டடங்கள் நெருக்கம், தரைக் குண்டு, தடையில்லாத நேரம், முக்கியமாகத் தளமே குறி. பேர்ல் ஹார்பரில் இந்த ஐந்தில் ஒன்றுகூட இல்லை.

தண்ணீரையும் பாருங்கள். துறைமுகத்தின் நடுவே இருக்கும் ஃபோர்ட் தீவுக்குப் போகும் தண்ணீர்க் குழாய் மேல் அரிசோனா உட்கார்ந்துவிட்டது. குழாய் உடைந்து தீவில் தீயணைக்கத் தண்ணீர் இல்லை. அந்தக் குழாய் பட்டறைப் பக்கம் உடைந்திருந்தால் 1ஆம் டாக்கின் எண்ணெய்த் தீ எதுவரை போயிருக்கும் என்று யோசிக்கலாம். பட்டறைக்கு அதிர்ஷ்டம் என்று ஒன்று இருந்தால் அது இங்கேதான், நகுமோவின் முடிவில் இல்லை.

அலைவாய் | 9 டிசம்பர் 2024, இரவு 9:33

டாக், பட்டறை விட்டுக்கொடுக்கிறேன். எண்ணெய்? நாற்பத்தைந்து லட்சம் பீப்பாய், வெட்டவெளியில் வெள்ளை வெள்ளையாக நிற்கும் தொட்டிகள். ஒரு தீக்குச்சி போதுமே. அமெரிக்கப் பசிபிக் கப்பற்படைத் தலைவர் நிமிட்ஸே பின்னால் சொன்னார், அது போயிருந்தால் போர் இரண்டு வருஷம் நீண்டிருக்கும் என்று.

திருமலையான் | 9 டிசம்பர் 2024, இரவு 11:02

தொட்டிக் கதைக்கு நாங்கள் சாட்சி. 1942 ஏப்ரல் 9, திருகோணமலை. அதே நகுமோ, அதே கப்பல்களில் பெரும்பாலானவை. சீனக்குடாவில் கிட்டத்தட்ட நூறு எண்ணெய்த் தொட்டிகள், ஒவ்வொன்றும் சுமார் 12,000 டன் கொள்ளும். ஒரு ஜப்பானிய விமானம் ஒரு தொட்டியிலேயே வந்து மோதியது. குண்டை விடப் பெரிய அடி: எஞ்சின், பெற்றோல், எல்லாம் சேர்த்து. அந்தத் தொட்டி பல நாள் எரிந்தது. பக்கத்துத் தொட்டிகள்? இண்டைக்கும் நிற்குது. காட்டுக்குள்ள போனால் எரிந்ததின் மிச்சத்தையும் பார்க்கலாம், எரியாததையும் பார்க்கலாம்.

கீல்பிளாக் | 10 டிசம்பர் 2024, காலை 7:15

இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

காரணம்: கப்பல் கொதிகலனில் எரிக்கும் எண்ணெய் பெட்ரோல் இல்லை. கெட்டியானது. 60 டிகிரிக்கு மேல் சூடாக்கினால்தான் பற்றக்கூடிய ஆவி விடும். சில்லு பட்டால் தொட்டி ஒழுகும், உடனே எரியாது. ஒவ்வொரு தொட்டியைச் சுற்றியும் மண்கரை, உள்ளிருக்கும் எண்ணெய் முழுவதையும் பிடித்துவைக்கும் அளவுக்கு. ஒன்று எரிந்தால் அந்தக் கரைக்குள் எரியும். இடைவெளியும் அதற்கேற்ப. ஒவ்வொரு தொட்டிக்கும் தனிக் குண்டு வேண்டும், அதுவும் நேராக விழ வேண்டும், விழுந்ததும் பற்ற வேண்டும். சில தொட்டிகள் போயிருக்கும், மறுக்கவில்லை. "ஒரு தீக்குச்சி" என்பதை மட்டும் மறுக்கிறேன்.

தொட்டியை விடக் குழாயும் பம்ப் நிலையமும் பலவீனமான இடம். தொட்டி நிறைய எண்ணெய் இருந்தும் கப்பலுக்கு ஏற்ற முடியாவிட்டால் அதுவும் இழப்புதான். ஆனால் குழாயை ஒட்டிச் சேர்ப்பது டாக்யார்டின் அன்றாட வேலை.

திருமலையான் | 10 டிசம்பர் 2024, காலை 7:40

டாக் பேச்சு வந்ததால் இன்னொன்று. திருகோணமலையில் பெரிய மிதக்கும் டாக் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். 1944 ஆகஸ்ட் 8, வேலியன்ட் பேட்டில்ஷிப்பை உள்ளே எடுத்துத் தூக்கும்போது டாக் முதுகு முறிந்து மூழ்கியது. எதிரி யாரும் இல்லை. தொட்டித் தண்ணீரை இறைத்த வரிசை பிழை. கப்பலில் வெடிமருந்து முழுச் சுமை வேறு. இரண்டு முனையிலும் பாரம் கூடி முறிந்தது.

பழைய_போல்ட் | 10 டிசம்பர் 2024, காலை 8:11

ஐந்து குண்டு வாங்கிய ஒய்எஃப்டி-2 ஏழு வாரத்தில் வேலைக்குத் திரும்பியது. ஒரு குண்டும் வாங்காத டாக் வால்வு வரிசையில் செத்தது. நகுமோ குண்டுக்குப் பதில் நாலு கவனக்குறைவான பம்ப் ஆட்களை அனுப்பியிருக்கலாம்.

கீல்பிளாக் | 10 டிசம்பர் 2024, இரவு 8:44

சிரித்தேன். ஆனால் அந்த ஏழு வாரத்தை விளக்க வேண்டும். மிதக்கும் டாக் பல தனித்தனி அறைகளாக இருக்கும், மூழ்குவதும் எழுவதும் அதன் தொழில். சில்லு ஓட்டைகளை முதலில் மரமுளையாலும் தகட்டாலும் அடைத்து, அறை அறையாக இறைத்தால் எழும். 1942 ஜனவரி 9இல் எழுந்தது. ஜனவரி 26 வாக்கில் அதே ஷா, முன்பக்கம் இல்லாமல், திரும்ப அதில் ஏறியது. பட்டறையில் செய்த தற்காலிக மூக்கைப் பொருத்தினார்கள். பிப்ரவரி 9இல் ஷா சொந்த எஞ்சினில் அமெரிக்கக் கரைக்குக் கிளம்பியது.

மூன்றாவது அலைக்கு வருகிறேன். இரண்டாவது அலை கப்பலுக்குத் திரும்பி முடிய மதியம் தாண்டிவிட்டது. எண்ணெய் ஊற்றி, குண்டு மாட்டி, தளத்தில் வரிசைப்படுத்தி, ஏவி, ஏறத்தாழ 200 கடல் மைல் பறந்து, அடித்துத் திரும்பினால்? அன்று ஹவாயில் சூரியன் மறைந்தது மாலை 5:20 சுமாருக்கு. இருட்டில், ஆடும் தளத்தில், அடிபட்ட விமானத்தை இறக்க வேண்டும். முதல் அலையில் இழப்பு 9 விமானம், இரண்டாவதில் 20. பீரங்கிக்காரர்கள் விழித்துக்கொண்டார்கள் என்பது இந்த இரண்டு எண்ணிலேயே தெரிகிறது. அமெரிக்க விமானம் தாங்கிகள் எண்டர்பிரைஸ், லெக்சிங்டன் இரண்டும் எங்கே என்று நகுமோவுக்குத் தெரியாது. அந்த நிலையில் கைவசம் இருக்கும் விமானத்தில் கப்பலை அடிக்கும் குண்டைத்தான் மாட்டுவார், பட்டறைக் குண்டை அல்ல. எல்லாவற்றுக்கும் மேலாக, அப்படியொரு அலை உத்தரவிலேயே எழுதப்பட்டிருக்கவில்லை.

அலைவாய் | 11 டிசம்பர் 2024, மாலை 6:18

மறுநாள் காலை?

கீல்பிளாக் | 11 டிசம்பர் 2024, இரவு 7:55

மறுநாள் காலை என்றால் சாத்தியம். அதுவும் ஒரு நாள் போதாது. கவீட்டே போல நிதானமாக அடிக்க வேண்டும், இரண்டு மூன்று நாள் அங்கேயே நிற்க வேண்டும். எண்ணெய்க் கப்பல்களை நம்பி வந்த படை, காணாமல் போன இரண்டு விமானம் தாங்கிகள், நீர்மூழ்கிகள். ஆறு விமானம் தாங்கிகளையும் பணயம் வைக்க வேண்டும். அந்த ஆறில் நான்கு அடுத்து டார்வினுக்கும் ஐந்து கொழும்புக்கும் தேவைப்பட்டவை.

கீல்பிளாக் | 12 டிசம்பர் 2024, இரவு 10:20

இன்னொரு கோணம், நேற்றிலிருந்து உறுத்துகிறது. பேர்ல் ஹார்பர் பட்டறையைக் கப்பல் புதுப்பிக்கும் இடமாக எல்லோரும் நினைக்கிறோம். அது ஒட்டுப்போடும் இடம். நெவாடா, கலிஃபோர்னியா, வெஸ்ட் வர்ஜீனியா மூன்றுக்கும் முழுச் சிகிச்சை நடந்தது அமெரிக்கக் கரையில் பியூஜெட் சவுண்டில். கலிஃபோர்னியாவும் வெஸ்ட் வர்ஜீனியாவும் 1944இல்தான் சண்டைக்கு வந்தன. இங்கே செய்தது கடலைத் தாண்டும் அளவுக்கு மூடுவது.

அந்த மூடுவதே எவ்வளவு வேலை என்று பாருங்கள். நெவாடாவின் டார்பிடோ ஓட்டையை வெளியிலிருந்து மூட மரப்பலகையால் பெரிய பட்டை செய்தார்கள். அதன் வளைவைத் தண்ணீருக்கடியில் அளப்பது சிரமம் என்பதால், கவிழ்ந்து கிடந்த ஜோடிக் கப்பல் (அதே அமைப்பில் கட்டியது) ஓக்லஹோமாவின் அடிப்பாகத்தில் அளவெடுத்தார்கள். புத்திசாலித்தனம்தான், ஆனால் பட்டை சரியாகப் பொருந்தவில்லை. வெடிப்பில் கிழிந்த தகடு ஜோடிக் கப்பலின் வளைவை ஏன் மதிக்க வேண்டும்? கடைசியில் பட்டையைக் கைவிட்டு, உள்தடுப்புகளை அடைத்து, பம்ப் பலத்திலேயே டாக்கில் ஏற்றினார்கள். பிப்ரவரி 7இல் அதே கப்பலுக்குள் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவில் இரண்டு பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு காற்று ஊதும் விசிறி போடாமல் எந்த அறையும் திறப்பதில்லை என்றானது. வெஸ்ட் வர்ஜீனியாவில் மரப் பலகைத் தடுப்பின் அடியை மூட 650 டன் கான்கிரீட் தண்ணீருக்குள் போட்டார்கள். டாக்கில் ஏறியதும் அதே கான்கிரீட்டை உடைத்து எடுக்க வேண்டி வந்தது.

வெளியே எடுத்த எந்திரங்களை நல்ல தண்ணீரில் கழுவி, டெக்டைல் என்ற துருத்தடுப்புப் பூச்சைப் பூசி வைத்தார்கள். உப்புநீரிலிருந்து வெளியே வந்த எஃகு காற்றுப் பட்ட சில மணியில் துருப்பிடிக்கும், அதனால் தண்ணீர் வடிவதற்குள் பூச வேண்டும். கலிஃபோர்னியா மின்சார உந்துகை உள்ள கப்பல். மூழ்கியிருந்த மோட்டார் சுருள்களைக் கப்பலுக்குள்ளேயே அவிழ்த்துத் திரும்பச் சுற்றினார்கள்.

இதில் எத்தனை குண்டு போட்டால் நின்றிருக்கும்? வெல்டிங் செய்பவர், முக்குளிப்பவர், பம்ப் இயக்குபவர் ஆகியோரைத்தான் குறிவைக்க வேண்டும். முக்குளித்தவர்கள் மட்டும் 5,000 தடவை இறங்கி 20,000 மணி நேரம் தண்ணீருக்கடியில் வேலை செய்தார்கள்.

அலைவாய் | 13 டிசம்பர் 2024, காலை 10:02

யார்க்டவுனும் ஒட்டுதானா?

கீல்பிளாக் | 13 டிசம்பர் 2024, காலை 10:40

சுத்தமான ஒட்டு. பவளக்கடல் சண்டையில் மே 8 அன்று ஒரு குண்டு ஓடுதளத்தைத் துளைத்து நான்காம் தளம்வரை போனது. பக்கத்தில் விழுந்தவை உடலின் இணைப்புகளைத் திறந்து எண்ணெய் ஒழுகவைத்தன. மதிப்பீடு 90 நாள். மே 27 மதியம் வந்தது, 28 காலை 1ஆம் டாக், 29 வெளியே, 30 கிளம்பியது. சுமார் 1,400 பேர். வழக்கமாக டாக்கில் ஏற்றுமுன் பெட்ரோல் ஆவியை வெளியேற்ற ஒரு நாள் எடுக்கும், அதையும் விட்டுவிட்டார்கள். கெட்டுப்போன மூன்று கொதிகலனைத் தொடவே இல்லை, வேகம் குறைந்தால் குறையட்டும் என்று. உடைந்த தடுப்புகளுக்கு மர முட்டும் தகடும்.

பழைய_போல்ட் | 13 டிசம்பர் 2024, மதியம் 12:15

90 நாளை இரண்டு நாளாக்கினார்கள் என்று எழுதுகிறவர்கள், 90 நாள் வேலையைச் செய்யவில்லை என்பதையும் எழுதலாம்.

திருமலையான் | 13 டிசம்பர் 2024, இரவு 9:27

அப்ப அந்த 1ஆம் டாக் மட்டும் போயிருந்தால்?

கீல்பிளாக் | 13 டிசம்பர் 2024, இரவு 10:50

யார்க்டவுன் மிட்வேயில் இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான். 2ஆம் டாக்கில் அப்போது கலிஃபோர்னியா இருந்தது, அதை இழுத்து வெளியே விட்டால் இடம் கிடைக்கும், கலிஃபோர்னியா மிதக்குமா என்பது வேறு கேள்வி. ஒய்எஃப்டி-2 நாசகாரி அளவுக்கான வேலைக்குத்தான். அது 1901இல் கட்டி, நியூ ஆர்லியன்ஸில் பல காலம் கிடந்து, 1940இல் பனாமா வழியாக இழுத்துவரப்பட்ட கிழட்டு டாக். பிலிப்பைன்ஸில் இருந்த டூவி மிதக்கும் டாக்கை 1906இலேயே சூயஸ் வழியாக உலகம் சுற்றி இழுத்துப்போனார்கள். அதை இங்கே கொண்டுவரலாமே என்றால், பிலிப்பைன்ஸின் பட்டான் தீபகற்பம் ஜப்பானியரிடம் விழும் நேரத்தில் 1942 ஏப்ரலில் அமெரிக்கர்களே அதை மூழ்கடித்துவிட்டார்கள்.

அலைவாய்க்கு ஒரு சலுகை: 1ஆம் டாக்கின் கெய்சனில் அன்று ஒரே ஒரு டார்பிடோ சரியாகப் பட்டிருந்தால், மூன்றாவது அலை இல்லாமலேயே, பென்சில்வேனியாவும் டாக்கும் சில மாதம் முடங்கியிருக்கும். அதற்குக் கைவசம் 40 டார்பிடோ இருந்தது. அவற்றில் கணிசமானவை, ஏற்கெனவே மூழ்கிக்கொண்டிருந்த ஓக்லஹோமாவிலும், குறியே இல்லாத பழைய பயிற்சிக் கப்பல் யூட்டாவிலும் போய் வெடித்தன.